அரைப்பேர்

வாட்டு மாடியில் கொழுந்து மூச்சுவிடும்.
ராத்திரி வேலைக்காரருக்குத்தான் அது கேட்கும்.
காற்றாடிப் பக்கம் தட்டு சருகாகும்,
கடைசிப் பக்கம் ஈரம் ஈரமாகவே கிடக்கும்.
ரெண்டு மணிக்கு ஏறிக் கையால் புரட்டுவோம்.
ஓட்டைத் தகரம் வழியே
பனி பிடரியில் சொட்டும்.

ஆறு வருஷத்துக்கு முந்தி
கிழிந்த படங்கொன்றைத் தட்டுக்கடியில் கட்டினேன்,
காற்று படியேறிக் கடைசிவரை போகட்டுமென்று.
போனது.
பெரிய கிளாக்கர் பார்த்தார்.
"ஸ்டோர் சாமானத் தொட ஒனக்கு யாரு சொன்னா?"
படங்கை அவிழ்த்தார்.
செக்ரோலைத் திறந்தார்.
தவமலர், அரைப்பேர்.

எங்கள் மலையில் பேர் என்றால் கூலி.
அன்றைக்கு என் பேரில் பாதி
தட்டுக்கடியில் எங்கோ விழுந்துவிட்டது.
பெருக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை.
அப்புறம் யோசனை வந்தால்
கோயிலில் வரும் இருமல் மாதிரி
அடக்கிக்கொண்டேன்.

கம்பெனி ஒரு பெட்டி அனுப்பியது.
பச்சைப் பெயின்ட், மேலே வாய், முன்னால் பூட்டு.
ஆலோசனைகளை வரவேற்கிறோம், மூன்று மொழியிலும்.
சாவி பெரிய கிளாக்கரின் இடுப்பில்.

புதிதாக வந்த டீமேக்கர் அத்தநாயக்க
சாவிக்குக் காத்திராமல்
குறட்டால் பூட்டை நெம்பினார்.
உள்ளே செத்த கரப்பான் ஒன்று,
டொபித் தாள் ரெண்டு,
பென்சிலில் மூன்று சொல்:
பொம்பள கக்கூசுக்குக் கொண்டியில்ல.
எழுதியது யாரென்று அவர் கேட்கவில்லை.
பின்னேரமே மஸ்கெலியா டவுனிலிருந்து
கொண்டி வந்தது, ஆணியோடு.

அன்றிரவு சல்லடைப் பக்கம், அடுப்படி, றோலரடி
எல்லா இடத்திலும்
கொண்டிப் பேச்சுத்தான்.

புதன்கிழமை ராத்திரி எட்டாம் தட்டு உங்களுக்கு
என்றார், உடைந்த தமிழில்.
"செஞ்சு பாருங்க. பாழாப் போனா பேர் வெட்டுறது இல்ல."
யார் நம்புவார்?
மூன்று புதன் அந்தத் தட்டைச் சுற்றி நின்று
பிளேன்டீ குடித்தோம்.
நாலாம் புதன்
படங்கை எடுத்தேன்.

பாழானது.
ஆறு வருஷத்தில் கை அளவை மறந்திருந்தது.
விடியும்போது நூற்றிருபது கிலோ
நடுத்தட்டில் சிவந்து, புளித்த வாடை.
மலையில் யாரார் பறித்ததோ,
எந்த முதுகில் தொங்கி வந்ததோ.
பெரிய கிளாக்கர்
சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றியபடியே படியேறினார்.

அத்தநாயக்க புத்தகத்தை வாங்கினார்.
நட்டக் கட்டத்தில் தன் பேரை எழுதினார்,
தகப்பன் பேரோடு, வாசகம பேரோடு, முழுப்பேர்.
பிறகு தட்டுக்கடியில் என் பக்கத்தில் குந்தி,
"படங்கு எவ்வளவு ஒசரம்?"

"நாலு விரல் எறக்கிப் பாக்கணும் சேர்."

இப்போது ரெண்டு மணிக்கு யாரும் ஏறுவதில்லை.
பரஞ்சோதி ஈர விறகை
ட்ரையர் சுவரோரம் அடுக்கிக் காயவைக்கிறான்.
அவனுடைய இன்னொரு யோசனை,
சைக்கிள் செயினும் ரெண்டு வாளியும் வைத்தது,
ஒரே ராத்திரியில் அறுந்தது.
வயிறு நோகச் சிரித்துக்கொண்டே கழற்றினோம்.
யாரிடமும் வாய் திறக்காத ஜெபமாலை
சல்லடைச் சட்டத்தில் சோக்கட்டியால் கோடு போட்டிருக்கிறாள்.
ஏனென்று கேட்டால்
அரைமணி நேரம் பேசுகிறாள்.

போன புதன் நானும் ஒரு துண்டு போட்டேன்.
காற்றாடி ரெண்டு மணித்தியாலம் முந்தி நிக்குது.
மிஞ்சுற கரண்டு காசுல
எங்களுக்கு எத்தன பேர்?
கீழே என் பேர்,
ஓரெழுத்தும் குறையாமல்.

மூன்று தரம் வாசித்தார்.
காதைச் சொறிந்தார்.
கொழும்புக்கு எழுதுறேன் என்றார்.

கொழும்பு தூரம்.
பதில் இன்னும் வரவில்லை.
பெட்டிக்குப் பூட்டும்
இன்னும் வரவில்லை.